தண்ணி டன்னல் டோக்கன் போர்டு

வேந்தன் நாலரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். குழாயில் தண்ணீர் விடும் நாள்; இரண்டு குடம் பிடித்து வைத்தான். ரவை கிண்டி, பாதி தின்று, மீதியை மூடினான். ரப்பர் கையுறை, முகமூடி, நெற்றியில் கட்டும் சிவப்பு விளக்கு, கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் மீட்டர், நான்கையும் பையில் போட்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். ஐந்து மணிக்கு பைக்கில் ஊரிகம் ஸ்டேஷனைத் தாண்டினான். பெங்களூர் வண்டிக்கு ஓடுகிறவர்கள் எதிரே வந்தார்கள். போன வருடம் வரை அவனும் அப்படி ஓடியவன்தான். யாரோ கை காட்டினார்கள். அவனும் காட்டினான். யாரென்று பார்க்கவில்லை.

இப்போது அவன் வேலை வௌவால் எண்ணுவது. அன்றைக்கு எண்ண வேண்டியது பூஜ்யம்.

பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்து மணிக்கு கான்க்ரீட் மிக்சர் வரும். தண்ணி டன்னலின் வாயை அடைத்துவிடுவார்கள். உள்ளே ஒரு உயிரும் இல்லாமல் அடைக்க வேண்டும் என்பது அவன் கேட்டு வாங்கிய வரம். அதற்காகத்தான் இந்த எண்ணிக்கை.

தண்ணி டன்னல் தங்கச் சுரங்கத்தின் மைசூர் மைன்ஸ் பக்கம், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் இருந்தது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியே விட வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டியது. ஆள் உயர வாய். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மனிதர்கள் விட்டுப்போன இடத்தில் இலைமூக்கு வௌவால்கள் குடியேறியிருந்தன. மூக்கின் மேல் மடித்து ஒட்டிய வெற்றிலை நுனி மாதிரி ஒரு தோல். எடை இரண்டு தேக்கரண்டி சர்க்கரை.

பெங்களூரின் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து டாக்டர் பவ்யா ஜனவரியில் வந்தார். காட்டு வௌவால்களின் உடல்நிலையைக் கண்காணிப்பது அவர் வேலை. வௌவாலுக்கு டாக்டரா என்று ஊர் சிரித்தது. மாதம் இரண்டு நாள் வந்து, டன்னல் வாயில் வலை கட்டுவார். சிக்கியதை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டு எடை பார்ப்பார். முன்கை எலும்பை அளப்பார். இறக்கையை விரித்து விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை, புண் தேடுவார். பஞ்சுக்குச்சியால் வாயைத் துடைத்து, அந்தக் குச்சியை ஐஸ் பெட்டியில் வைப்பார். பிறகு பறக்கவிடுவார். மற்ற நாட்களில் மாலை வெளியே போவதையும் விடியலில் உள்ளே வருவதையும் எண்ண உள்ளூரில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. பி.எஸ்சி. முடித்த வேந்தன் போய் நின்றான்.

"வௌவால்னா பயமா?" என்று முதல் நாள் கேட்டார்.

"தெரியாது மேடம். கிட்ட பாத்ததில்ல."

"இந்த ஊர்ல நான் கேட்ட நாலு பேர்ல நீங்கதான் உண்மை சொன்னது" என்று கன்னடம் தோய்ந்த தமிழில் சொல்லி, மீட்டரை அவன் கையில் வைத்தார்.

வேந்தன் மனைவியை இழந்து அப்போது ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில் அவன் யாரையும் எதுவும் கேட்டதில்லை. பேருந்து எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறி, தவறான இடத்தில் இறங்கியிருக்கிறான். வௌவால் வேலைக்கு வந்த இரண்டாம் வாரம் பவ்யாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். "இதுக்கு காய்ச்சல் வந்தால் எப்படித் தெரியும்?"

"நல்ல கேள்வி," என்று பதில் வந்தது. "பறக்கும்போது அதன் உடம்பே காய்ச்சல் சூட்டுக்கு ஏறும். தினமும் ஏறும், தினமும் இறங்கும். அதனால் சூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது."

அந்தப் பதிலை நான்கு முறை படித்தான். தினமும் காய்ச்சல் வந்து தினமும் பிழைக்கிற ஒரு பிராணி. அதன் பிறகு கேள்விகள் நிற்கவில்லை. வெளியே வரும் வரிசையில் முதலில் வருவது தினமும் ஒன்றேதானா? மழை நாளில் ஏன் இருபது நிமிடம் தாமதம்? ஒன்றையொன்று எப்படி இடிக்காமல் போகின்றன? பவ்யா சிலதற்குப் பதில் சொன்னார். சிலதற்கு "யாருக்கும் தெரியாது" என்று எழுதினார். அந்தப் பதில்தான் அவனுக்கு அதிகம் பிடித்தது.

வலையையும் பெட்டிகளையும் காவல் காக்க வால்டர் இருந்தார். சுரங்கம் ஓடிய காலத்தில் டைம் ஆபீசில் டோக்கன் கொடுத்தவர். அறுபத்தைந்து வயதிலும் காக்கி டவுசர், இஸ்திரி மடிப்போடு. முதல் வாரமே வேந்தனின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா மேன் இது, மளிகைக் கட சிட்டா மாதிரி? எண்ணுறதுன்னா இன்னான்னு உங்க தலமொறைக்குத் தெரியாது. நாங்க ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் பேர எண்ணுவோம். லிப்டு கேஜ்ல சுரங்கத்துக்குள்ள எறங்குறப்போ டோக்கன் எடுத்துனு போவான். ஏறி வந்தா ஆணில மாட்டுவான். போர்டு ஃபுல்லானா, ஆல் அப். எல்லாரும் மேல வந்துட்டான்னு அர்த்தம். அப்பால்தான் வெடி. ஒரு ஆணி காலியா இருந்தா, ஜெனரல் மேனேஜரே வந்து நின்னாலும் வெடி கிடையாது."

"எப்பவாச்சும் தப்பா எண்ணியிருக்கீங்களா அங்கிள்?"

"தப்பா எண்ணியிருந்தா நான் இங்க நின்னு உன்னோட பேசினு இருப்பேனா? ஜெயில்ல களி துன்னுனு இருப்பேன்."

மறுநாள் எங்கிருந்தோ ஒரு பலகை கொண்டுவந்து டன்னல் வாயில் அறைந்தார். நடுவில் கோடு. ஒரு பக்கம் "வெளிய", மறுபக்கம் "உள்ள". மாலைக் கணக்கையும் விடியல் கணக்கையும் சாக்பீசால் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வால்டர் "டாலி!" என்று கத்துவார். ஒத்துப்போகாத நாளில் வேந்தனைத்தான் முறைப்பார். வௌவாலை முறைக்க மாட்டார்.

ஏப்ரலில் பவ்யா வலை கட்டுவதை நிறுத்தினார். ஜூலை வரை டன்னலுக்குள் யாரும் போகக் கூடாது, வாயிலிருந்து எண்ணினால் போதும் என்று சொல்லிவிட்டு டில்லிக்கு ஒரு பயிற்சிக்குப் போனார். காரணம் சொல்லவில்லை. எதையெல்லாமோ கேட்ட வேந்தன் அதை மட்டும் கேட்கவில்லை.

மே மாதம் மூன்றாவது வாரம், ஹெல்த் இன்ஸ்பெக்டர் மனோகர் ஒரு மனுவோடு வந்தார். நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து சுலோச்சனா. வேந்தனின் மாமியார்.

மனுவை அவனிடமே கொடுத்தார். அவன் நின்றபடியே படித்தான். 'எங்கள் லைன் வீடுகளில் காய்ச்சல் அதிகமாக உள்ளது. டன்னல் வௌவால்களே காரணம். என் ஒரே மகள் தென்றல், வயது இருபத்தெட்டு, மூளைக் காய்ச்சலால் பதினோரு நாளில் இறந்தாள். சாகும்போது அவள் கடைசியாகச் சொன்னது வௌவாலைப் பற்றித்தான். ஆகையால் டன்னலை மூடித் தருமாறு...'

"நோடப்பா வேந்தன்," என்றார் மனோகர். "இந்த லைன் படிச்சதும் கவுன்சிலர் கண்ணுல தண்ணி. உடனே ஆர்டர். கடைசில அவங்க நிஜமா அப்படித்தான் சொன்னாங்களா?"

வேந்தன் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். மனோகரும் மறுபடி கேட்கவில்லை, நல்ல மனிதர்.

தென்றலுக்கு என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. கோலார் ஆஸ்பத்திரியில் எட்டு விதமாக ரத்தம் சோதித்தார்கள். எட்டும் இல்லை என்று வந்தது. காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பவ்யாவின் பஞ்சுக்குச்சிகளிலும் மனிதருக்குத் தொற்றுகிற எதுவும் சிக்கவில்லை. "தேடினதுல இல்ல. இல்லவே இல்லன்னு நான் சொல்லமாட்டேன்" என்பார் அவர். ஆனால் தெரியவில்லை என்கிற பதிலோடு ஒரு தாயால் எத்தனை நாள் குடித்தனம் நடத்த முடியும்? சுலோச்சனா ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"எப்படி சார் மூடுவீங்க?" என்று வேந்தன் கேட்டான்.

"உள்ள மொளகாப் பொக போட்டு, வாய்க்கு கான்க்ரீட்."

"பொக வேணாம். மூணு நாள் குடுங்க. எல்லாத்தையும் வெளிய அனுப்பிட்டு, உள்ள ஒண்ணுமில்லன்னு எழுதித் தர்றேன். அப்புறம் அடைங்க."

"வௌவால்கிட்ட நோட்டீஸ் குடுப்பியா?"

"திரை போடுவேன் சார்."

அவனே யோசித்த திட்டம். வாயின் மேற்பக்கமும் இரு ஓரமும் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை அடித்து, கீழே மட்டும் விட்டுவிடுவது. உள்ளிருந்து வருவது ஷீட்டில் சறுக்கிக் கீழ்வழியே வெளியேறும். வெளியிலிருந்து வருவதற்கு வழி தெரியாது. இந்த ஊரில் பொந்துக்கா பஞ்சம்? ஷாஃப்டுகளும் டன்னல்களும் நூறு இருக்கின்றன. வேறிடம் பார்த்துக்கொள்ளும். காரியம் முடிந்ததும் பவ்யாவிடம் சொல்லலாம் என்று நினைத்தான். பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைத் தானே செய்து முடிக்கப்போகிறோம் என்று அவனுக்கு லேசாகப் பெருமைகூட இருந்தது.

மிக்சர் வரும் நாளுக்கு முந்தைய மாலை ஷீட் ஏறியது. ஏழு மணிக்குள் அறுநூற்று நாற்பத்துமூன்று சறுக்கி வெளியே வந்தன. அன்று விடியலில் உள்ளே போனதும் அறுநூற்று நாற்பத்துமூன்றுதான். வால்டர் சாக்பீசைக் கீழே போட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்து, மேட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். "ஆல் அப்!"

இனி விடியலில் ஒன்றும் உள்ளே போகாது. பூஜ்யம் எழுத வேண்டியதுதான் பாக்கி.

ஐந்தே காலுக்கு வேந்தன் டன்னலுக்கு வந்தபோது வானம் சாம்பல் நிறம். கல்லில் உட்கார்ந்து மீட்டரை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

அவை வேறிடம் போகவில்லை. அறுநூறும் அங்கேயே இருந்தன. ஷீட்டின் முன்னால் சுழன்று சுழன்று வந்தன. சில மோதிக் கீழே விழுந்து, மண்ணில் இறக்கையை ஊன்றித் தவழ்ந்து, மறுபடி எழும்பி மறுபடி மோதின. ஷீட் முழுக்க நகக் கீறல்.

"பாத்தியா மேன், போவ மாட்டேங்குதுங்க" என்றார் வால்டர், டீ பிளாஸ்க்கைத் திறந்தபடி. "க்வார்ட்டர்ஸ் காலி பண்ணச் சொன்னப்ப எங்க ஆளுங்களும் இப்படித்தான் நின்னானுங்க."

"அது பழக்கம். இது வேற என்னமோ. இந்நேரம் வெளிச்சத்துல பருந்து அடிக்கும்னு அதுக்குத் தெரியும். ஆனாலும் போகல. ஏன்?"

"வவ்வாலக் கேளு. என்னக் கேட்டா?"

அவன் கையுறையை மாட்டினான். ஷீட்டின் ஓரத்தில் சிக்கிய ஒன்றை, பவ்யா கற்றுக்கொடுத்தபடி, முதுகோடு சேர்த்து மெல்லப் பிடித்தான். திருப்பி விளக்கைக் காட்டினான். மார்பில் இரு பக்கமும் மயிர் உதிர்ந்து, மொட்டையாக, சிவந்த வட்டம். இன்னொன்றைப் பிடித்தான். அதற்கும் அதே வட்டம். மூன்றாவதற்கும்.

பவ்யாவின் படிவத்தில் எடை, முன்கை, புண் எல்லாவற்றுக்கும் பிறகு கடைசியில் ஒரு கட்டம் உண்டு. 'பால்: ஆம் / இல்லை.' ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு தாளிலும் அவன் அதில் 'இல்லை' என்றே எழுதியிருந்தான்; எழுதி எழுதி அப்படி ஒரு கட்டம் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஷீட்டில் காதை வைத்தான். உள்ளே, வெகு மெல்லிசாக, நூறு கைக்கடிகாரங்களை ஒரு பெட்டியில் போட்டு மூடியது போல ஒரு சத்தம்.

"வால்டர் அங்கிள்."

"சொல்லு."

"மைன்ல யாராவது பொறந்திருக்காங்களா?"

"பைத்தியமா உனக்கு? அண்டர்கிரவுண்டுல எவ புள்ள பெத்துக்குவா? செத்துருக்கான், எவ்ளோ பேரு. பொறந்தவன் ஒருத்தனும் இல்ல."

"இங்க பொறந்துகீதுங்க. டோக்கன் இல்லாம."

வால்டர் பிளாஸ்க்கை வைத்தார். போர்டைப் பார்த்தார். பிறகு இஸ்திரி மடிப்பு கலைய ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து கத்தியைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு ஓரமாக ஷீட்டை அறுத்தார்கள். அது விழுந்து முடிவதற்குள் வௌவால்கள் அவர்கள் தலைக்கு மேலாக, தோளை உரசிக்கொண்டு, ஒரே காற்றாக உள்ளே பாய்ந்தன. வேந்தன் எண்ணவில்லை.

சத்தம் அடங்கிய பிறகு, முகமூடியைப் போட்டுச் சிவப்பு விளக்கோடு பத்தடி உள்ளே போனான். கூரை முழுக்கக் குஞ்சுகள். மயிர் முளைக்காதவை, மூடிய கண்ணோடு, பாறையில் கால் நகத்தைக் கோத்துத் தொங்கின. தாய்கள் ஒவ்வொன்றாக முகர்ந்து, ஒதுக்கி, அடுத்ததற்குப் போய், தன்னுடையதைக் கண்டதும் இறக்கையால் சுருட்டிக்கொண்டன. இத்தனை கூட்டத்தில் தன் குஞ்சு எதுவென்று எப்படித் தெரிகிறது? குரலா, வாடையா? ஒரு நிமிடம் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிட்டான். பிறகு தரையைப் பார்த்தான். விழுந்து கிடந்தவை பதினான்கு. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். பதினான்கும் குளிர்ந்திருந்தன.

டில்லிக்குப் போன் போட்டான். பவ்யா தூக்கக் குரலில் எடுத்தார். அவன் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"மே மாசத்துல திரை போடக்கூடாது, வேந்தன். உலகத்துல எந்தப் புஸ்தகம் திறந்தாலும் முதல் பக்கத்துல இருக்கும்."

"நான் புஸ்தகம் திறக்கல மேடம்."

"என்னைக் கேட்டிருக்கலாம் அல்லவா?"

"ஆமா."

"நானும் காரணம் சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்றார் மெதுவாக. "அது பறக்க இன்னும் அஞ்சு வாரம். அதுவரைக்கும் அடைக்க விடாதீங்க. அப்புறம் கான்க்ரீட் கூட வேண்டாம், வாய்க்குக் குறுக்கே படுக்கைவாட்டுல கம்பி போடலாம். ஆள் நுழைய முடியாது, அது நுழையும். மனோகர் சார்கிட்ட நான் பேசறேன். ஆனா என் பேச்சு அங்க எடுபடாது."

எடுபடவில்லை. ஒன்பது மணிக்கு மனோகரே வேந்தனைப் போனில் கூப்பிட்டார். "நான் இன்னா பண்றதுப்பா? ஆர்டர் என் கையில இல்ல, மனு மேல இருக்கு. மொதல் கையெழுத்து போட்டவங்க, அஞ்சு வாரம் தள்ளி வெய்யின்னு எழுதிக் குடுத்தா நிறுத்தறேன். மிக்சர் பங்காருபேட்டைல இருந்து கெளம்பிடுச்சு. பத்து மணி."

சுலோச்சனாவின் லைன் வீடு அவன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ஐந்து மாதமாக அவன் அந்தப் பக்கம் போனதில்லை. போகக் கூடாதென்று இல்லை. போகவில்லை.

அவள் வாசலில் டிரம்முக்கு ஹோஸ் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஹோஸைக் கீழே வைக்கவில்லை.

"வாங்க மாப்ள. வழி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்த."

"வவ்வாலுக்குச் சேவகம் பண்றீங்கன்னு ஊரே சொல்லுது. என் காதுலயும் வுழுது."

"ஆமா. அதுக்குத்தான் வந்தேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். தான் திரை போட்டதை, பூஜ்யம் என்று நினைத்ததை, பதினான்கை. டிரம் நிறைந்து வழிந்தது; அவள் கவனிக்கவில்லை. அவன் குழாயை மூடினான்.

"சாவட்டும்" என்றாள். "என் பொண்ணு போனப்போ யாராச்சும் அஞ்சு வாரம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"அப்போ?"

அவன் காலையில் டன்னலுக்குள் போனில் எடுத்த வீடியோவை நீட்டினான். அவள் வேண்டா வெறுப்பாகப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"இது இன்னா, எலிக்குட்டி மாதிரி?"

"குஞ்சு. பத்து நாள் இருக்கும்."

"ஒரு தடவைக்கு எத்தினி போடும்?"

"ஒண்ணுதான் அத்த. வருஷத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?" போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நம்ப மாட்டேன். போன்ல எத வேணா காட்டுவாங்க. வண்டிய எடுங்க, நேர்ல பாக்கணும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மிக்சர் வந்து நின்றிருந்தது. மனோகர் குடை பிடித்து நின்றார். டன்னல் வாயின் குறுக்கே வால்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாமல்.

"போர்டுல டாலி ஆவாம ஒரு சட்டி சிமெண்டு உள்ள போவாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஒண்ணியும் தெரியாது. நான் இருபது வருஷம் டைம் ஆபீஸ்."

"நேத்து நீங்கதானே ஆல் அப்புன்னு கத்துனீங்களாம்?"

"நேத்து வேற ஷிப்டு."

சுலோச்சனா முகமூடியைக் கட்டிக்கொண்டாள். உள்ளே வர மறுத்துவிட்டாள், வாயிலேயே நின்றாள். வேந்தன் சிவப்பு விளக்கைக் கூரையில் ஓரிடத்தில் காட்டினான். ஒரு தாய் தன் குஞ்சை இறக்கைக்குள் வைத்திருந்தது. குஞ்சின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. தாய் அதை நக்கிக்கொண்டே இருந்தது. சுலோச்சனா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். மிக்சர்காரன் எஞ்சினை அணைத்தான்.

"இதால சீக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"மாட்டேன் அத்த. தேடினதுல இல்ல. இன்னும் தேடுறோம். உள்ள போகாம, தொடாம இருந்தா நமக்கு வராது. அவ்வளவுதான் தெரியும்."

"வரும்னாவது சொல்லேன். இல்ல வராதுன்னு சொல்லு." முதல் தடவையாக அவனை ஒருமையில் பேசினாள். "ரெண்டும் இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். எனக்கும் அதுதான் கஷ்டம்."

அவள் மனோகரிடம் திரும்பிக் கையை நீட்டினாள். "பேனா குடுங்க சார். எங்க எழுதணும்?"

மனோகர் குடையை வால்டரிடம் கொடுத்துவிட்டு, தன் நோட்டில் தாள் கிழித்துக் கொடுத்தார். அவள் ஸ்டூலில் தாளை வைத்து, குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். 'குஞ்சுகள் பறக்கும் வரை அஞ்சு வாரம் மூட வேண்டாம்.' கீழே பெயர். மனோகர் அதைப் படித்து, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மிக்சர்காரனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வண்டி பின்னால் நகர்ந்தது.

வால்டர் எழுந்து போர்டைத் துடைத்தார். 'உள்ள' என்கிற பக்கத்தில் எதையும் எழுதாமல், சாக்பீசைக் கையில் வைத்தபடி யோசித்தார்.

சுலோச்சனா வேந்தனை மேட்டின் நிழல் பக்கம் அழைத்துப் போனாள். முகமூடியைக் கழற்றினாள்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன். அதுக்குப் பதிலா கேக்கல. சும்மாத்தான் கேக்கறேன். அன்னிக்கு நான் ஊசி வாங்கக் கீழ போனேன். திரும்பி வர்றப்போ கதவாண்ட நர்சம்மா சொன்னா, இப்பதாம்மா பேசிச்சு, வவ்வாலப் பத்தி இன்னாவோ சொல்லிச்சுன்னு. நான் உள்ள வந்தா கண்ணு மூடிக்கிச்சு. அப்பால தொறக்கல. அந்த ஒரு சொல்ல வெச்சுக்கினு பத்து மாசமா நானா கத கட்டினு கீறேன். பயந்து கத்தியிருப்பா, கனவுல வந்திருக்கும்னு. நீ வாயத் தொறக்கல. இன்னா சொன்னா அவ?"

வேந்தன் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. சொன்னால், பார், வௌவால்தான் என்பார்கள். அதோடு, சொல்லிவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று ஒரு எண்ணம். தென்றலிடமிருந்து கிடைத்ததில் இன்னும் செலவாகாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"பயப்படல அத்த. அஞ்சு நிமிஷம் நல்லாத் தெளிவா இருந்தா. ஜன்னலுக்கு வெளிய ஒரு அரசமரம் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதுல பெரிய பெரிய பழந்தின்னி வௌவால். சாயங்காலம். ரொம்ப நேரம் அதையே பாத்துனு இருந்தா. அப்புறம் என் கையத் தட்டினா."

"உம்."

"'வேந்தா, நாள் பூரா தலகீழா தொங்கினு கீதே, அதுக்குத் தல சுத்தாதா?'ன்னு கேட்டா."

சுலோச்சனா அவன் முகத்தையே பார்த்தாள். "நீ இன்னா சொன்ன?"

"தெரியலன்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சா. சிரிச்சுட்டுச் சொன்னா, 'பி.எஸ்சி.யாம், பி.எஸ்சி.'"